பக்தாத் புகட்டும் பாடம்

2003 மார்ச் 20ஆம் நாள் ஈராக்கின்மீது அமெரிக்கா தொடுத்த போர் மூன்று வாரங்களில் பக்தாத்தை வீழ்த்தியது. நகரை வெல்லத் திட்டமிருந்தது. வென்றபின் அங்கு வாழும் மக்களைக் காக்கத் திட்டமிருக்கவில்லை.

எச்சரித்தோர் இல்லாமலில்லை. ஆக்கிரமிப்புக்குப் பல இலட்சம் வீரர் வேண்டியிருக்கும் என்று தரைப்படைத் தலைமைத் தளபதி ஷின்செக்கி பெப்ரவரியிலேயே செனற் சபைக் குழுவின்முன் கூறினார். பாதுகாப்புப் பிரதிச் செயலாளர் வுல்போவிற்ஸ் அதனை மிகையென ஒதுக்கினார். போருக்குப் பிந்திய ஈராக் பற்றி வெளிநாட்டமைச்சு தயாரித்த ஆய்வுகளும் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டன.

விளைவு யாது? ஏப்ரலில் தேசிய நூதனசாலையும் மருத்துவமனைகளும் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சின் வாயிலிலோ அமெரிக்கப் படை காவல் நின்றது. மே 23ஆம் நாள் ஆக்கிரமிப்பு நிருவாகி பிரெமர் ஈராக்கிய இராணுவத்தைக் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஒரே ஆணையாற் பிழைப்பிழந்தனர். அவர்களுட் பலர் பின்னர் ஆயுதக் குழுக்களிற் சேர்ந்தமை வியப்பன்று.

இதனை வெறும் நிருவாகத் தவறு எனக் கொள்வது பொருந்தாது. 1917இல் பக்தாத்தினுட் புகுந்த பிரித்தானியத் தளபதி மோடும் தம்மை விடுதலையாளராகவே அறிவித்தார். 1920இல் ஈராக்கியர் அவ்வாட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். எண்ணெய்க்குக் காவலிட நினைத்தவர்கள் மருத்துவமனைகளை மறந்தமை தற்செயலா? எவர் நலனுக்காகப் போர் தொடுக்கப்படுகின்றதோ, அவர் நலனுக்கே திட்டமும் தீட்டப்படும். ஏனையவை யாவும் மக்களின் தலையிலேயே விடியும்.