கலைப்பட்டமும் பிழைப்பு வழியும்

சென்ற ஆனித் திங்களில், வரலாற்றிற் பட்டம் பெற்ற மாணவனொருவன் தன் தந்தையாருடன் என் இல்லம் போந்தான். தந்தையார் பட்டத்தாளை என் முன் வைத்து, "ஐயா, இந்தத் தாள் சோறு போடுமா? சொல்லுங்கள்" என்றார். மகன் தலை கவிழ்ந்து நின்றான். இவ்வினா நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் எழுவதே. ஆதலின், அன்று யான் கூறிய விடையை நம் நாட்டு வரலாறு கொண்டு ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

பட்டமெனின் உத்தியோகம் என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில், 1880-ஆம் ஆண்டில், புதுக்கோட்டை மன்னர் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. கற்றோர் தொகை சிறிதாயிருந்த அந்நாளில், சமஸ்தானக் கச்சேரிகள் அவர்க்கு அருகிலேயே இருந்தன. 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. தனியரசின் கச்சேரிகள் மறைந்தன. பழைய எண்ணமோ மறைந்திலது.

எனினும், அந்நாளினும் பெயர் நிறுத்தியோர் கச்சேரி வாயிலில் காத்து நின்றவரல்லர். திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தியார், மன்னர் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின் சட்டமும் கற்றார். கலைக்கல்வி தந்த சொல்வன்மையோடு சட்ட அறிவும் சேர, நாட்டுப்பணியில் முன்னணியில் நின்று, 1939-இல் சென்னை மாநகர மேயரானார். பூண்டி நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

மன்னர் கல்லூரித் தலைவராயிருந்த இராதாகிருஷ்ண ஐயரோ, வகுப்பறையோடு அமையாது, தாம் வாழ்ந்த மண்ணையே ஆராய்ந்து, 1916-இல் புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

மூன்றாமவர் மேலைச்சிவபுரியில் 1917-இல் தோன்றிய வ. சுப. மாணிக்கனார். இளமையிலேயே இரங்கூன் சென்று வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக அமர்ந்தார். உள்ளேயிருக்கும் முதலாளியை 'இல்லை' என்று வரி அலுவலரிடம் சொல்ல மறுத்து வேலை துறந்தார் என்பர். ஊர் திரும்பி, பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்றார். வித்துவான் பட்டத்தோடு நில்லாது, டாக்டர் பட்டம் ஈறாகப் படிப்படியே பயின்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். வருவாயுள்ள கடையை விட்டுத் தமிழைப் பற்றியவர்க்குத் தமிழ் சோறும் இட்டது, சிறப்பும் அளித்தது.

இம்மூவர் வரலாறும் உணர்த்துவன யாவை? பட்டம் நன்செய் நிலம் போல்வது. உழாதவனுக்கு நிலம் விளைவு தாராது. சத்தியமூர்த்தியார் இரண்டாவது கல்வியொன்றைச் சேர்த்தார். ஐயர் காலடி மண்ணை நோக்கினார். மாணிக்கனார் பொறுமையோடு தொடர்ந்து பயின்றார்.

அவர் எய்திய உயர்வு யாவர்க்கும் எய்தும் என்று உறுதி கூறேன். யானும் பண்டிதப் பயிற்சி முடித்துப் பணியின்றியிருந்த நாள்களில், உறவினர் வினவுவரே என்று அஞ்சித் திருமண வீடுகளுக்குச் செல்லாதிருந்தவன். அந்நாளில் என்னைத் தாங்கியது, "பொறு தம்பி" என்ற என் தந்தையாரின் ஒரு சொல்லே.

ஆகவே அத்தந்தையாரிடம், "இத்தாள் மட்டும் சோறு போடாது; இதனோடு இன்னொன்று சேர்ந்தால் போடும்" என்றேன். குடுமியான்மலைக் கல்வெட்டும் சித்தன்னவாசல் ஓவியமும் நம் மாவட்டத்தன. பொற்பனைக்கோட்டையில் அண்மையில் அகழாய்வும் நிகழ்ந்தது. வரலாறு கற்றவன் கல்வெட்டுப் படிக்கப் பழகினால் அவனுக்கு வேலை செய்ய இடமுண்டு. ஆசிரியப் பயிற்சி, சட்டம், மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வு என வேறு வழிகளும் உள. தன் இயல்பறிந்து ஒன்றைத் தேர்ந்து சில ஆண்டு ஊன்றி நிற்றல் வேண்டும். மகனை நோக்கி, "அதுவரை சிறு வேலையாயினும் நாணாது செய்" என்றேன்.

அவன் இப்பொழுது காலையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். மாலையில் என்னிடம் வந்து பழந்தமிழ் எழுத்துப் பயில்கிறான். தந்தையார் இன்னும் முழுதும் தெளிந்திலர். ஆயினும் அவனுக்கு விளக்கும் குறிப்பேடும் வாங்கித் தந்துள்ளார். நம் சங்கத்துப் பெற்றோர், பட்டம் பெற்று வரும் மக்களை வினாவால் வாட்டாது, ஓரிரண்டாண்டு தாங்கி நிற்பாராக.