பூனையின் மூச்சை நிறுத்திய மருந்து

எதிர்காற்றில் கழி ஊன்றிப் படகு தள்ளும் தோணிரேவுக்காரர் "மூச்சு வாங்குது" என்பார். வாங்கச் சொல்வது மூளைதான். ஆனால் மூளைக்குச் சேதி எங்கிருந்தெல்லாம் போகிறது? விடையில் ஒரு பங்கு நுரையீரலில் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மருந்து.

1951இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாஸ், மாட், விடிகோம் மூவரும் பூனைகளுக்கு ஃபீனைல் டைகுவனைடு என்ற வேதிப்பொருளைச் செலுத்தினார்கள். மூச்சு சட்டென்று நின்றது. பிறகு மேலோட்டமாக, வேகவேகமாக வந்தது. இதயத்தின் வலப்பக்கம், அதாவது இரத்தம் நுரையீரலுக்குப் போகும் வழியில் செலுத்தினால்தான் இப்படி. நுரையீரலைத் தாண்டி இடப்பக்கம் செலுத்தினால் மூச்சு நிற்கவில்லை. கழுத்து வழியே போகும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அதுவும் இல்லை. ஆக, மருந்து மூளையைத் தொடவில்லை. நுரையீரலில் ஏதோ ஒரு கதவைத் தட்டுகிறது.

எந்தக் கதவு? பர்மாவில் மோகோக் நகரில் பிறந்த அவ்தார் சிங் பெயின்டல் எடின்பரோவில் ஆராய்ச்சி முடித்து இந்தியா திரும்பியிருந்தார். வேகஸ் நரம்பிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, அதில் ஓடும் மின்துடிப்பைப் பதிவுசெய்வது அவர் கைவந்த கலை. அதே மருந்தைப் பூனைக்குச் செலுத்தியபோது சில இழைகள் படபடவென்று துடித்தன. 1955இல் இதை வெளியிட்டார். நுரையீரல் சுருங்குவதை உணரும் முனைகள் என்றுதான் முதலில் நினைத்தார். 1969இல் விளக்கமே மாறியது: இவை தந்துகிகளை ஒட்டி இருப்பவை, அங்கே நீர் கசிந்து சேர்ந்தால் தூண்டப்படுபவை. 'ஜே' உணர்முனைகள் என்ற பெயர் நிலைத்தது. நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு வரும் மூச்சுத்திணறலைப் புரிந்துகொள்ள இது வழிகாட்டியது.

இங்கேதான் சுவாரஸ்யம். பூனையிடம் இவ்வளவு வேலை செய்த மருந்து நாயிடம் அவ்வளவாகப் பலிக்காது. நாயின் இதே மாதிரி இழைகளை எழுப்பியது, 1965இல் கோல்ரிட்ஜ் தம்பதியும் லக்கும் காட்டியபடி, நம்ம மிளகாயின் காரமான கேப்சைசின்! மனிதர்களில் சோதிக்க லோபலின் உதவியது. அதைச் சிரையில் ஏற்றினால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும், வறட்டு இருமல் வரும். அந்த லோபலின் நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் காட்டுப்புகையிலையிலும் உண்டு.

வீடு ஒன்றுபோல இருந்தாலும் பூட்டு வேறு, சாவி வேறு. ஒரு விலங்கிடம் மருந்து பலிக்கவில்லை என்பதற்காக அந்த அனிச்சைச் செயலே அதற்கு இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. 1951இலும் 1955இலும் மேசைமேல் நாய் மட்டும் இருந்திருந்தால், இந்தக் கதவு இன்னும் சில வருஷம் மூடியே கிடந்திருக்கலாம்.

பெயின்டல் 1981இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 2004இல் மறைந்தார்.