சலூன் கதிரையும் சாதிக் கணக்கும்

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "சேர், ஸ்காபரோவில ஒரு சலூன் போட்டால் நல்ல லாபம் வரும். ஆனால் சனம் என்ன சொல்லும்?" கேள்வியின் முதற்பாதிக்குக் கணக்கு விடை சொல்லும். மறுபாதிக்கு வரலாற்றிடம்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் குடிமை முறையில் சவரத் தொழிலாளி வீடு வீடாகப் போனார். தலைக்கு இவ்வளவு என்று விலை இருக்கவில்லை. அறுவடைக்கு நெல்லும், கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் உரித்தான பங்கும் கிடைத்தன. எந்த வீட்டுக்குப் போவது என்று அவர் தீர்மானிக்க முடியாது. கூட்டிக் கேட்கவும் முடியாது. ஏனெனில் அது தொழிலாக அல்ல, பிறப்பின் கடமையாகவே கருதப்பட்டது. எங்கள் முற்றத்துக்கு வந்தவர் என் தகப்பனிலும் மூத்தவர். சிறுவனாகிய நான் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். வரலாறு படிப்பித்த காலத்தில்கூட இதை வகுப்பில் நான் சொன்னதில்லை.

சலூன் இந்த உறவைத் தலைகீழாக்கியது. வாடிக்கையாளர் தொழிலாளியைத் தேடி வந்தார். நடந்து திரிந்த நேரம் உழைக்கும் நேரமாயிற்று. விலை சுவரில் தொங்கியது. காசு கையில் வந்தது. இரண்டாவது கதிரை போட முடிந்தது. சேவைத் தொழிலில் லாபம் பெருகும் வழி அன்றும் இன்றும் இதுதான்: கதிரை வெறுமையாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது.

ஆனால் அந்தக் கதிரையில் யார் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பஞ்சமர் எனப்பட்டோர்க்கு முடி வெட்டினால் உயர்சாதி வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்ற அச்சம் இருந்தது. ஒடுக்கப்பட்டவரின் கடையே இன்னோர் ஒடுக்கப்பட்டவருக்குக் கதவைச் சாத்தியது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும், 1960களின் பிற்பகுதியில் கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் போராடியே நுழைய வேண்டியிருந்தது.

இது எமக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அலன்சோ ஹேர்ண்டன் என்பவர் இருந்தார். 1858இல் அடிமையாகப் பிறந்தவர். சவரக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பங்காளியாகி, பின் தன் சொந்தக் கடைகளை நிறுவினார். பீச்ட்ரீ வீதியில் பளிங்கும் சரவிளக்குமாக அவர் நடத்திய கடை பேர்பெற்றது. அங்கே வெட்டியவர்கள் கறுப்பர்கள். அமர்ந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. 1906இல் நடந்த இனக்கலவரத்தில் அந்தக் கடையும் தாக்கப்பட்டது. பிரித்துவைத்துச் சேர்த்த லாபம் அவரைக் காப்பாற்றவில்லை. எனினும் அதே வருமானத்திலிருந்து 1905இல் அவர் தொடக்கிய காப்புறுதி நிறுவனம் கறுப்பர்களின் பெரும் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

எம்மிடமும் வேறொரு லாபக் கணக்கு இருந்தது. டொமினிக் ஜீவா யாழ் நகரின் ஜோசப் சலூனில் தொழில் செய்தவர். 1966இல் மல்லிகை இதழைத் தொடக்கினார். அந்தச் சலூன் எழுத்தாளர் கூடும் இடமாயிற்று. இதழ்களைத் தோளில் சுமந்து வீதியில் விற்றார். தன் தொழிலை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. எம் பல்கலைக்கழகங்கள் பேசத் தயங்கியவற்றை அந்தக் கதிரைக்கருகிலிருந்து எழுதினார்கள்.

இங்கே முடிவெட்டுதல் பயின்று, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறும் கைத்தொழில். எந்தச் சாதியாரும் செய்கிறார்கள். இதனால் சாதி ஒழிந்துவிட்டதென எம்மவர் பலர் சொல்கின்றனர். அப்படியானால் நண்பரின் கேள்விக்கு அந்தப் பின்பாதி ஏன்? ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 மார்ச்சில் சாதி ஒடுக்குமுறை பற்றித் தீர்மானம் நிறைவேற்ற நேர்ந்தது ஏன்? தொழில் பிறப்பிலிருந்து விடுபட்டது. இழிவு இன்னும் எங்கள் நாக்கில் தங்கியிருக்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வாடகையை, சனி ஞாயிறு வருவோரை, கிழமை நாட்களில் வெறுமையாகும் கதிரையைக் கணக்கிடுங்கள். சரிவந்தால் போடுங்கள். சனம் என்ன சொல்லும் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எங்களைப் போன்றவர்கள் தீர்க்கவேண்டிய கடன்.