நாயாற்றுக் கடலின் அமைதி

கோடை விடுமுறையில் ஈழம் செல்லும் நண்பர்கள், எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா ஆகியவற்றை அவர்களே அறிவர். முல்லைத்தீவுக்குத் தெற்கே, செம்மலையை அடுத்துள்ள நாயாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். பயணிகளை இழுக்கும் அதே அமைதிதான் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்களையும் நெடுங்காலமாக இங்கே வாடியமைக்க அழைத்து வந்தது. பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது வழமை. பருவகால வாடி நிரந்தரக் குடியிருப்பானபோது பிணக்கு முற்றியது.

1984 டிசம்பர் 1ஆம் திகதி நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவக் குடியிருப்புகளில் இருந்தோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்த பின்னரே அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டன.

ஆகவே நாயாற்றுக்குச் செல்பவர்கள் குளித்துக் களித்ததோடு திரும்பிவிடாமல், வலை உலர்த்தும் மீனவரிடம் சற்றே நின்று பேசிவிட்டு வாருங்கள். நமக்கு விடுமுறையாக இருக்கும் அந்த மாதங்கள்தாம் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சோறு.