கிருமிக்குக் கிடைத்த தரை

இறைச்சிச் சாற்றைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கலங்கிவிடும். பாக்டீரியாவை வளர்க்க அவ்வளவே போதும். ஆனால் அந்தக் கலங்கலுக்குள் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன, அவற்றில் எது நோயைத் தருகிறது, எது வெறுமனே உடன் வந்தது என்று பிரித்தறிய 1870கள் வரை நம்பகமான வழி இல்லை. லூயி பாஸ்டரின் ஆய்வுகள் திரவங்களிலேயே நடந்தன. திரவத்தில் ஒரு வேற்றுக் கிருமி நுழைந்தால் எல்லாம் கலந்துபோகும். ஜோசப் லிஸ்டர் 1878ல் புளித்த பாலை மேலும் மேலும் நீர்த்து, ஒரு துளிக்கு ஒரு கிருமிகூட முழுதாக வராத அளவுக்குக் கொண்டுபோய், ஒரே வகையைத் தனியே பிரித்தார். பொறுமைக்குப் பெயர்போன இந்த முறையில் ஒரு குறை இருந்தது: கலவையில் மிகுதியாக உள்ள வகைதான் கையில் சிக்கும்.

விடைக்கான குறிப்பு சமையலறைப் பொருளில் இருந்தது. பிரெஸ்லாவில் ஃபெர்டினாண்ட் கோனின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோசஃப் ஷ்ரோட்டர், வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் தோன்றும் வண்ணப் புள்ளிகளைக் கவனித்து 1870களில் எழுதினார். சிவப்பு, மஞ்சள் என ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகை பாக்டீரியாவே இருந்தது. கிருமி நகர இடமில்லாத திடப்பரப்பில், விழுந்த இடத்திலேயே பெருகிக் கூட்டமாகிறது.

வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்த ராபர்ட் கோக், 1876ல் ஆந்த்ராக்ஸ் கிருமியை மாட்டுக் கண்ணின் நீரில் வளர்த்துக் காட்டியவர். பெர்லினுக்குப் பணிமாறிய பின் இந்தத் திடப்பரப்பு யோசனையைக் கையில் எடுத்தார். உருளைக்கிழங்கின் குறை அவருக்குத் தெரிந்தது. அது ஒளிபுகாதது, நோய்க் கிருமிகள் பலவற்றுக்கு அது இரையாகாது. இறைச்சிச் சாற்றிலேயே ஜெலட்டினைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறையவைத்தார். 1881ல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டியபோது, போட்டியாளரான பாஸ்டரே பாராட்டினார்.

ஜெலட்டினுக்கு வெயில் ஆகாது. 28 பாகை செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். மனித உடலின் 37 பாகையில் வளரும் கிருமிகளுக்கு அதனால் பயனில்லை. பல பாக்டீரியாக்கள் அதைச் செரித்து நீராக்கவும் செய்தன. கோக்கின் ஆய்வகத்தில் காற்றுக் கிருமிகளை ஆராய்ந்த வால்தர் ஹெஸ்ஸெயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸெ இதற்குத் தீர்வு சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர்களிடமிருந்து அவர் அறிந்த, கோடையிலும் இளகாத இனிப்புகளுக்குப் பயன்படும் அகார்-அகார்தான் அது. நம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சும் அதே பொருள். நீர் கொதிக்கும் நிலையை நெருங்கினால்தான் உருகும். 40 பாகைக்குக் கீழே ஆறினால் உறையும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்க முடியாது. கோக் 1882ன் காசநோய்க் கட்டுரையில் அகாரை ஒரு வரியில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸெ தம்பதியின் பெயர் அதில் இல்லை. பயன்பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கையில், இது சிறிய மறதி அல்ல.

தகடுகளை மணிவடிவக் கண்ணாடி மூடிக்குள் வைக்கும் தொல்லையை, கோக்கின் உதவியாளர் ரிச்சர்ட் யூலியுஸ் பெட்ரி 1887ல் தீர்த்தார். ஒன்றின்மேல் ஒன்று கவியும் இரண்டு வட்டத் தட்டுகள், அவ்வளவே. இன்றும் அதன் வடிவம் மாறவில்லை.

பெருமளவில் கிருமி தேவைப்பட்ட இடங்களில் திரவமே நீடித்தது. 1896ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, தடுப்பூசிக்காக வால்டெமார் ஹாஃப்கின் சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அவற்றைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுது விழுதாகக் கீழே தொங்கின.

வளர்ச்சியின் கணக்கும் மெல்லத் தெளிந்தது. ஈ.கோலை என்னும் பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 7 மணி நேரத்தில் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டும். மாலையில் பூசிய தட்டில் காலையில் புள்ளி தெரிவது இதனால்தான். ஆனால் புது ஊடகத்தில் முதலில் ஒரு தயக்கக் கட்டம் உண்டு. பின்பு மடங்குப் பெருக்கம். இரை தீர்ந்து கழிவு சேர்ந்ததும் தேக்கம். ழாக் மோனோ 1942ல் வெளியிட்ட ஆய்வேட்டில், இரண்டு சர்க்கரைகள் கலந்த ஊடகத்தில் ஈ.கோலை ஒன்றை முடித்து, சற்று நின்று, பின்பே மற்றதைத் தொடுவதைக் காட்டினார். மரபணுக் கட்டுப்பாடு பற்றிய அவருடைய பிற்கால ஆய்வுக்கு விதை அந்த இடைநிறுத்தம்தான்.

அகார் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. மண்ணின் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களைச் சத்தான ஊடகத்தில் வளர்க்க முடியாத செர்கேய் வினோகிராட்ஸ்கி, கரிமப் பொருளே இல்லாத சிலிகா கூழில் அவற்றை வளர்த்தார். நுண்ணோக்கியில் தெரிவதில் மிகச் சிறு பங்கே தட்டில் முளைக்கிறது என்பது இன்றும் மாறாத நிலை.

இரண்டாம் உலகப் போரில் அகாரின் முதன்மை வழங்குநரான ஜப்பானின் சரக்கு நின்றதும், நியூசிலாந்து உட்படப் பல நாடுகள் தத்தம் கடற்கரைப் பாசிகளைத் தேடின. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் தரும் வகைகளே. ஆய்வகத் தரமான அகார் மட்டும் இன்றும் பெரும்பாலும் ஜெலிடியம் இனத்துச் செம்பாசிகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.