பையில் டூத் பிரஷ் வைத்திருந்தவர்

அட்லாண்டாவில் 1986-ல் சிவில் உரிமைப் போராளிகள் ஜான் லூயிஸும் ஜூலியன் பாண்டும் மோதிய அமெரிக்கக் காங்கிரஸ் தொகுதிக்கான தேர்தலை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் லூயிஸின் முதுகுப் பை குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை ஊர்வலம். லூயிஸுக்கு வயது 25. வெளிர் பழுப்பு மழைக்கோட்டு, முதுகில் ஒரு பை. பைக்குள் இரண்டு புத்தகங்கள், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, டூத் பிரஷ், பேஸ்ட். ராத்திரி லாக்கப்பில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். உள்ளே சாப்பிட ஏதாவது வேண்டும், படிக்க ஏதாவது வேண்டும், கூட இருப்பவர்களை நினைத்துப் பல்லும் துலக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே விளக்கினார்.

அவர் தலைவராக இருந்த மாணவர் அமைப்பு, அன்றைய ஊர்வலத்தில் சேருவதில்லை என்று தீர்மானித்திருந்தது. லூயிஸ் தனி ஆளாகப் போனார். மார்ட்டின் லூதர் கிங் அன்று ஊரில் இல்லை. முன்வரிசையில் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும். பின்னால் இரண்டிரண்டு பேராகச் சுமார் 600 பேர். அவர்கள் கடக்க வேண்டிய பாலம், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி எட்மண்ட் பெட்டஸின் பெயர் தாங்கியது. நடுவில் மேடு. உச்சிக்கு ஏறிய பிறகுதான் அந்தப் பக்கம் மாநிலப் போலீஸின் நீலச் சீருடைகள் வரிசை கட்டி நிற்பது தெரிந்தது. கலைந்து போக இரண்டு நிமிடம் கெடு கொடுத்தார்கள். கெடு முடியும் முன்பே தடிகள் பாய்ந்தன. லூயிஸின் மண்டை ஓட்டில் முறிவு.

ஊர்வலத்தைத் தடுக்கச் சொன்ன அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், முதுமையில் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மன்னித்தார். அடி வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. என் கணக்கில் வாலஸ் இன்றும் வில்லன்தான். அதிபர் லிண்டன் ஜான்சன் கதை வேறு. 1937 முதல் 20 ஆண்டுகள் சிவில் உரிமை மசோதாக்களை எதிர்த்து வாக்களித்த அதே மனிதர், 1965 ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டு, அந்தப் பேனாக்களில் ஒன்றை லூயிஸிடம் கொடுத்தார். பழைய கணக்கை மட்டும் பார்த்தால் ஜான்சனுக்கு நாம் அநியாயம் செய்துவிடுவோம். ஆனால், 'அந்தப் போராட்டத்தில் நானும் இருந்தேன்' என்று சொல்லி ஓட்டுக் கேட்பவரிடம், அன்று உங்கள் பையில் என்ன இருந்தது என்று கேட்பதில் தவறே இல்லை.

லூயிஸின் போட்டியாளர் பாண்டும் லேசான ஆள் இல்லை. வியட்நாம் போரை எதிர்த்ததால் ஜார்ஜியா சட்டமன்றம் அவரை உள்ளே விட மறுத்தது. 1966-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. அப்படிப்பட்ட பழைய நண்பரைத்தான் 1986-ல் லூயிஸ் எதிர்த்து நின்றார். முதல் சுற்றில் பாண்ட் முந்தினார், இரண்டாம் சுற்றில் லூயிஸ் ஜெயித்தார். நட்பு முறிந்த அந்தக் கதை அடுத்த வாரம்.

2020 ஜூலை 17-ல் இறக்கும்வரை லூயிஸ்தான் அந்தத் தொகுதியின் உறுப்பினர். ஒன்பதாம் நாள், குதிரை வண்டியில் வைத்த அவர் உடல் அதே பாலத்தைக் கடைசி முறையாகக் கடந்தது.