வாசலில் நிற்கும் ராஜா

நடுவர் அவர்களே, நாய்க்கு 'ராஜா' என்று பெயர் வைத்தால் அரச பட்டத்துக்கே அவமானம் என்கிறது எதிரணி. செடெனாக் லயத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை வால் ஆடுகிறதென்று!

பட்டம் மனிதன் சூட்டுவதுதான். இதே ஜொகூரை ஆண்ட அபு பக்கார் முதலில் தெமெங்கோங். 1868-இல் மகாராஜா ஆனார். 1885 ஒப்பந்தத்தில்தான் பிரிட்டன் அவரைச் சுல்தானாக ஏற்றது.

ரோமாபுரியில் 'சீசர்' வெறும் குடும்பப் பெயர். பிறகு அதுவே பேரரசர் பட்டம்; ஜெர்மனியில் 'கைசர்'. பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் நாய்க்கும் அந்தப் பெயர்தான். 1910-இல் அவருடைய இறுதி ஊர்வலத்தில் நாய் சீசர் முன்னே நடந்தது. ஜெர்மன் கைசர் உட்பட ஒன்பது மன்னர்கள் பின்னே வந்தார்கள்!

நம் தோட்டங்களுக்கு வாருங்கள். அன்று துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தது. அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. பகலெல்லாம் துரைக்குக் குனிந்தவன் மாலையில் 'ராஜா' என்று கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஜீவன் இருந்தது. பாசத்தோடு வைத்த அந்தப் பெயரில் அவமானம் யாருக்கு, நடுவர் அவர்களே?